தினமும் ஜெபித்தும் பயம் போகவில்லை என்றால் விசுவாசம் இல்லையா?

ஒரு சகோதரி கேட்டது, சுருக்கமாக: "கணவருக்கு வேலை போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. வீட்டுக் கடன் தவணை கழுத்தை நெரிக்கிறது. தினமும் விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறேன். ஜெபம் முடித்து அடுப்படிக்குப் போவதற்குள் பயம் திரும்ப வந்துவிடுகிறது. 'உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் பதில் வரவில்லை' என்று சபையில் ஒருவர் சொன்னார். அது உண்மையா? தேவனை நம்புவது என்றால் என்ன? தினமும் எப்படித்தான் ஜெபிப்பது? கணவர் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதையே நிறுத்திவிட்டார். அவரை என்ன செய்வது?"

முதலில் சபையில் அந்த ஒருவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம், சகோதரி. அது உண்மை இல்லை. சொன்னவர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஏற்கெனவே பாரம் சுமக்கிறவர் தோளில் இன்னொரு மூட்டையை ஏற்றிவிடுகிற பேச்சு அது. வேதம் அப்படிப் பேசவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை இன்று ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். ஏரோது ராஜா யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். அது யூதருக்குப் பிரியமாயிருப்பதைக் கண்டு பேதுருவையும் பிடித்துச் சிறையில் வைக்கிறான். சபை பேதுருவுக்காக ஊக்கத்தோடு ஜெபிக்கிறது. நள்ளிரவில் தூதன் வந்து அவரை வெளியே கொண்டுவருகிறான். அவர் மரியாளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே அநேகர் கூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ரோதை என்கிற பெண் ஓடிவந்து "பேதுரு வாசலில் நிற்கிறார்" என்று சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்ன பதில்: "நீ பிதற்றுகிறாய்." தாங்கள் கேட்டதையே தேவன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியும் அவர்களால் நம்ப முடியவில்லை. அப்படிப்பட்ட ஜெபத்துக்குத்தான் பதில் கிடைத்தது!

அதே அதிகாரத்தில் யாக்கோபு செத்துப்போனார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். யாக்கோபுக்காக ஜெபித்தார்கள் என்று அங்கே எழுதப்படவில்லை; ஆனால் பன்னிருவரில் ஒருவர் பிடிபட்டபோது எருசலேம் சபை கைகட்டிக்கொண்டு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே சபை, ஒரே ராஜா. ஒருவர் விடுதலையானார், ஒருவர் கொல்லப்பட்டார். ஏன் என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வார்த்தையும் எழுதவில்லை. "யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு" என்று அவர் எழுதாததை நாமும் யாரைப் பற்றியும் சொல்லக் கூடாது.

பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்பதே அவருக்குக் கிடைத்த பதில். கெத்செமனேயில் நம் ஆண்டவரே ஒரே வார்த்தைகளை மூன்று தரம் சொல்லி ஜெபித்தார். அந்தப் பாத்திரம் அவரை விட்டு நீங்கவில்லை. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிவோமா?

யாக்கோபு நிருபத்தில் "சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன்" என்று இருக்கிறதே என்று சபையில் உங்களிடம் பேசியவர் கேட்கலாம். இருக்கிறது. அங்கே பேச்சு ஞானத்தைக் கேட்பதைப் பற்றியது. கண்டிக்கப்படுகிறவன் இருமனமுள்ளவன், தேவனிடமும் போவேன், வேறு பக்கமும் ஒரு காலை வைத்துக்கொள்வேன் என்கிறவன். பயத்தோடு ஒவ்வொரு விடியற்காலையும் அதே தேவனிடம் வந்து நிற்கிற நீங்கள் அவன் இல்லை. மாற்கு 9-இல் பிள்ளைக்குச் சுகம் கேட்ட தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். இரண்டும் ஒரே மூச்சில் வந்தது. ஆண்டவர் அவனை, "போய் விசுவாசத்தை நிரப்பிக்கொண்டு வா" என்று அனுப்பிவிடவில்லை. பிள்ளையைக் குணமாக்கினார்.

சரி, அப்படியானால் நம்புவது என்றால் என்ன?

சங்கீதம் 56:3 சின்ன வசனம். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." தாவீது காத் ஊரில் பெலிஸ்தரிடம் மாட்டிக்கொண்ட சமயத்தில் பாடியது என்று அதன் தலைப்பு சொல்கிறது. அவர் "பயம் போன பிறகு நம்புவேன்" என்று பாடவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே மனதில் இருக்கலாம் என்று வேதமே ஒத்துக்கொள்கிறது. நம்பிக்கை என்பது பயம் இல்லாத ஓர் உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டு, காலையில் அந்த உணர்ச்சி வந்ததா வந்ததா என்று உங்களையே சோதித்துக்கொண்டிருந்தால், ஜெப நேரம் முழுவதும் உங்களைப் பார்த்தே போய்விடும். பயத்தை யாரிடம் கொண்டுபோகிறீர்கள் என்பதைத்தான் வேதம் நம்பிக்கை என்று பார்க்கிறது.

அடுப்படிக்குப் போவதற்குள் பயம் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யாத்திராகமம் 16-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற ஆகாரம் விழுந்தபோது தலைக்கு ஒரு ஓமர் அளவு சேர்க்கச் சொன்னார்கள். மறுநாளுக்கு என்று சிலர் எடுத்து வைத்தது புழு பிடித்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் மட்டும் இரண்டு மடங்கு. 40 வருஷம் இப்படியே நடந்தது. ஒரு தலைமுறையே, நாளைக்கு வேண்டியது இன்று கையில் இல்லாமல் இரவில் படுத்து, காலையில் எழுந்து போய்ப் பொறுக்கியது. தேவனுக்கு ஒரு மாதத்துக்கானதை மொத்தமாகக் கொடுக்கத் தெரியாதா? தெரியும். தினமும் தம்மிடம் வரவைக்க வேண்டும் என்றே அப்படிச் செய்தார் என்று நான் வாசிக்கிறேன். பரமண்டல ஜெபத்திலும் ஆண்டவர் அதே அளவைத்தான் கற்றுக்கொடுத்தார்: "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." நேற்றைய ஜெபத்தில் கிடைத்த திடம் இன்றைக்கு மிச்சம் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். அது மிச்சம் இருக்கும்படி கொடுக்கப்பட்டதே இல்லை. காலையில் கிடைத்தது பத்து மணிக்குத் தீர்ந்துவிட்டால் பத்து மணிக்கு மறுபடி கேட்கலாம்.

பிள்ளை இல்லாமல் அழுத அன்னாளின் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் 1 சாமுவேல் 1:18-ஐ எத்தனை பேர் நின்று வாசித்திருப்பார்கள்? "கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்று ஆசாரியனாகிய ஏலியிடம் சொல்லிவிட்டு அவள் எழுந்து போகிறாள். போய்ச் சாப்பிடுகிறாள். "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று இருக்கிறது. அப்போது பிள்ளையும் இல்லை, பிள்ளை உண்டாகியிருக்கிறது என்ற அடையாளமும் இல்லை. சக்களத்தியோ அதே வீட்டில்தான் இருக்கிறாள். நிலைமையில் ஒன்றுமே மாறாமல் முகம் மாறியது. ஆனால் இதை ஒரே நாள் ஜெபத்தின் பலன் என்று யாராவது உங்களுக்குப் பிரசங்கித்தால், அவர் ஏழாம் வசனத்தைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். அவள் வருஷந்தோறும் கர்த்தருடைய ஆலயத்துக்குப் போனாள், வருஷந்தோறும் அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள்.

இனி தினமும் எப்படி ஜெபிப்பது என்ற கேள்வி.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரசங்கங்களில் அவர் பெயர் வராத வருஷமே கிடையாது. 1836-இல் ஒரு வாடகை வீட்டில் ஆரம்பித்தார். 1870-க்குள் ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து பெரிய கட்டடங்கள், 2,050 பிள்ளைகள் தங்கும் இடம் என்று வளர்ந்தது. யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்று வைத்திருந்தார். நம் பிரசங்கங்களில் வருவது இந்தப் பகுதிதான். உங்களுக்கு அதைவிட உதவக்கூடியது 1841-இல் அவர் எழுதிவைத்த ஒரு குறிப்பு. அதுவரை பல வருஷங்களாக அவர் காலையில் எழுந்தவுடன் நேராக ஜெபத்தில் இறங்குவாராம். மனம் ஒட்டாமல் அங்குமிங்கும் அலைந்து, பத்து நிமிடம், கால் மணி, சில நாள் அரை மணி கழித்துத்தான் உண்மையாக ஜெபிக்கவே தொடங்குவாராம். அப்புறம் வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தைத் திறந்து, கொஞ்சம் வாசித்து, அதை யோசிப்பது. வாசித்ததிலிருந்தே ஜெபம் எழும்பட்டும் என்று விடுவது. தேவன் பேசியதைக் கேட்ட பிறகு தான் பேசுவது. அந்த நாளில் தன் முதல் வேலை தன் ஆத்துமா கர்த்தருக்குள் மகிழ்ச்சியாக இருப்பதுதான் என்று அவர் முடிவு செய்தார். அநாதை இல்லத்தின் செலவு தலைமேல் இருந்த மனுஷன் சொன்னது இது.

நீங்களும் எழுந்தவுடன் தவணையைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதீர்கள். பேசவே கூடாது என்று சொல்லவில்லை. அது மூன்றாவதாக வரட்டும். முதலில் ஒரு சங்கீதம். வாய்விட்டு, மெதுவாக. புரிந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அதையே திருப்பி ஆண்டவரிடம் சொல்லுங்கள். இரண்டாவது, பரமண்டல ஜெபம். இதை நம்மில் பலர் ஆராதனை முடிவில் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுகிறோம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நின்று போங்கள். ஆகாரத்தைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய நாமம், ராஜ்யம், சித்தம் என்று மூன்று விண்ணப்பங்கள் வருகின்றன. நம் கஷ்டத்துக்கு வருவதற்குள் யாரிடம் பேசுகிறோம் என்பது மனதில் நன்றாகப் பதிந்துவிடும். "இன்று எங்களுக்குத் தாரும்" என்று வரும்போது உங்கள் தவணை, கணவரின் நேர்முகத் தேர்வு, அரிசி, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எங்களுக்கு" என்று இருப்பதால் அதே தெருவில் வேலை இல்லாமல் இருக்கிற இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1535-இல் தன் முடிதிருத்துபவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு இதே வழியைத்தான் எழுதிக்கொடுத்தார். பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்துத் தன் சொந்த வார்த்தையில் விரிப்பது, அப்புறம் பத்துக் கட்டளைகள். சவரம் செய்கிறவன் கண்ணும் மனமும் கத்தியிலும் முடியிலும் இருக்க வேண்டும், அங்கே இங்கே பார்த்தால் வாயோ மூக்கோ கழுத்தோ அறுபடும், ஜெபத்திலும் அப்படியே என்று அவருக்குப் புரியும்படி சொன்னார். தனக்கும் ஜெபத்தில் மனம் குளிர்ந்துபோகிற நாட்கள் உண்டு என்றும், அப்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ ஓடுவேன் என்றும் அதில் எழுதியிருக்கிறார்.

சங்கீதம் சங்கீதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரிவரைக்கும் ஓர் ஆறுதலும் இல்லாமல் முடிகிறது. நம் சபைகளில் புலம்பல் ஜெபத்தை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஸ்தோத்திர பலி சொல்லச் சொல்கிறோம், அறிக்கை செய்யச் சொல்கிறோம், "நெகட்டிவாகப் பேசாதீங்க" என்கிறோம். தேவனே தம் ஜனங்களின் ஜெபப் புத்தகத்தில் இந்த வார்த்தைகளை வைத்திருக்கும்போது, அவரிடம் அழுதுகொண்டே "ஏன்?" என்று கேட்பதை அவிசுவாசம் என்று எப்படிச் சொல்வது? உங்களுக்கு மிகவும் கசப்பாக இருக்கிற ஒரு நாளில் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம்தான்.

பகலில் பயம் வரும்போது, ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாக இருந்த நெகேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று கேட்டதற்கும் இவர் பதில் சொல்வதற்கும் நடுவில், பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினேன் என்கிறார். ராஜாவைக் காக்கவைத்துவிட்டு முழங்கால் போட்டிருக்க முடியாது. மனதுக்குள் ஒரு வாக்கியம் சொல்லியிருப்பார். வங்கியிலிருந்து போன் வரும்போது, எடுப்பதற்கு முன்னால், உங்களுக்கும் அந்த ஒரு வாக்கியம் போதும். இரவில் படுக்கும்போது 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்."

நெகேமியா 4:9-ஐயும் சொல்லிவிடுகிறேன். எதிரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் "தேவனை நோக்கி ஜெபம்பண்ணி", இரவும் பகலும் காவல்காரரை நிறுத்தினார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. அதனால் நீங்கள் வங்கிக்கு நேரில் போய், மேலாளரைப் பார்த்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்ட முடியுமா என்று கேளுங்கள். தவணை தவறுவதற்கு முன்னால் போவது நல்லது. சபையில் நம்பகமான ஒருவரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். முல்லர் யாரிடமும் கேட்கவில்லையே என்று தயங்க வேண்டாம். அது அவருக்கு இருந்த அழைப்பு. பவுல் எருசலேமின் ஏழைகளுக்காக ஊர் ஊராகக் காணிக்கை கேட்டு எழுதியிருக்கிறார்.

இதோடு ஓர் எச்சரிக்கை. பெரிய காணிக்கையாக "விதைத்தால்" வேலை கிடைக்கும், கடன் தீரும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தவணைப் பணத்தை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ, கைமாற்று வாங்கியோ கொடுக்கவே கொடுக்காதீர்கள். கஷ்டப்படுகிற குடும்பங்களின் பயத்தை வைத்துப் பணம் வாங்குவது எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்குகிற விஷயம். தேவனுடைய இரக்கத்துக்கு விலைப்பட்டியல் கிடையாது.

பயத்தினால் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்ற நிலை வாரக்கணக்கில் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தூதன் முதலில் அவருக்கு அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் பேசியது அதற்கப்புறம்தான். 1900-இல் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஜெபமும் உண்டு, மனநல மருத்துவமும் உண்டு. ஒன்று இன்னொன்றுக்குத் துரோகம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

பதில் வராமலேயே நம்புவது எப்படி இருக்கும் என்று பார்க்க நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. 1895-இல் இந்தியாவுக்கு வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த பெண் குழந்தைகளை 1901 முதல் அங்கே எடுத்து வளர்த்தார். 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்கப்புறம் 1951-இல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில் வலியோடு கிடந்தார். அத்தனை பிள்ளைகள் அம்மா என்று கூப்பிட்ட ஒருவர். எத்தனை பேர் அவருக்காக முழங்காலில் நின்றிருப்பார்கள்! சுகம் வரவில்லை. நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதுகிற ஆறுதல் வார்த்தைகள் தன்னைத் தொடவில்லை என்று கண்டு, நோயாளியாக இருந்தபடியே மற்ற நோயாளிகளுக்கு எழுத ஆரம்பித்தார். சபையில் உங்களிடம் அப்படிப் பேசியவர்மேல் மனத்தாங்கல் இருந்தால், இதை நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறொரு சகோதரி இதே பயத்தோடு உங்களிடம் வரலாம். அப்போது நீங்கள் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக உங்கள் கணவர். வேலை போன ஆண்மகனுக்குக் குடும்ப ஜெபம் சில சமயம் வீட்டிலேயே கடினமான இடமாகிவிடுகிறது. மனைவியும் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு "அப்பாவுக்கு வேலை தாரும்" என்று ராத்திரிதோறும் கேட்கும்போது, தன் தோல்வியை எல்லோரும் சத்தமாக வாசிப்பதுபோல அவருக்குக் கேட்கும். அதனால் கட்டாயப்படுத்தாதீர்கள். நீங்களும் பிள்ளைகளுமாக வழக்கமான நேரத்தில் உட்காருங்கள். ஒரு பாட்டு, சில வசனங்கள், பரமண்டல ஜெபம், பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். அவர் அடுத்த அறையில் இருந்தால் கதவைச் சாத்த வேண்டாம். வேலைக்கான ஜெபத்தை உங்கள் தனி ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப ஜெபத்தில் அவருக்காக ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுங்கள். அவர் செய்த ஒரு நல்ல காரியத்தைப் பெயர் சொல்லி, அன்றைக்கு நடந்ததாக. கணவருக்கோ பிள்ளைக்கோ நேரில் சொல்ல வேண்டிய குறையை ஜெபத்தில் சுற்றி வளைத்துச் சொல்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதை மட்டும் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். சில வாரம் கழித்து, அவர் மனம் இளகியிருக்கிற ஒரு நாளில், ஜெபிக்கச் சொல்லாமல் அன்றைய சங்கீதத்தை வாசித்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.